மழைத் தண்ணீரில் வைத்த பெயர்

எங்கள் ஊர் மாதா கோயிலுக்குள் ஒரு கிராதி இருந்தது. இடுப்பு உயரத்தில், தேக்கு மரத்தில் கடைந்த கிராதி. பீடத்துக்கு முன்னால் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க முழந்தாளிடுகிற கிராதியைச் சொல்லவில்லை, அது எல்லாக் கோயிலிலும் உண்டு. இது கோயிலை நீளவாக்கில் இரண்டாகப் பிரிப்பது. வலப்பக்கம் மேலத்தெரு, இடப்பக்கம் கீழத்தெரு. நாங்கள் கீழத்தெரு. எங்களைத் தொட்டால் தீட்டு என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்தது. ஞானஸ்நானம் எங்கள் ஜென்மபாவத்தைக் கழுவியதாம். இந்தத் தீட்டை மட்டும் அதனால் கழுவ முடியவில்லை. பங்குச்சாமி வலப்பக்கம் முழுவதும் நன்மை கொடுத்து முடித்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் வருவார். அது அநியாயம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழை மேலிருந்து விழுகிற மாதிரி அதுவும் ஓர் இயற்கை என்று நினைத்திருந்தேன்.

திண்டுக்கல்லிலிருந்து சாணார்பட்டி போகிற ரோட்டில் இறங்கி வண்டிப்பாதையில் நடந்தால் எங்கள் ஊர். மேற்கே சிறுமலை. மலையிலிருந்து வருகிற ஓடை ஊருக்கு மேலே ஒரு குளத்தில் விழும். குளத்துக்கரைக்கு நேர் கீழே, பள்ளத்தில், எங்கள் தெரு. அதற்கும் கிழக்கே மேட்டில் கோயில். கோயிலைச் சுற்றி மேலத்தெரு வீடுகள். அவர்களுக்குக் கிணறும் பூந்தோட்டமும் உண்டு. எங்களுக்கு அந்தத் தோட்டங்களில் வேலை உண்டு. என்னை மட்டும் சின்ன வயசில் கன்னியர் மடத்து மதர் ஒருவர் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய் போர்டிங்கில் சேர்த்து எட்டாவது வரை படிக்க வைத்தார். ஞானோபதேசப் பரீட்சையில் எப்போதும் நான்தான் முதல். எந்தக் கேள்வியை எங்கே கேட்டாலும் பதில் நாக்கு நுனியில் நிற்கும். பிறகு கல்யாணமாகி, தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்க்கிற ஒருவருக்கு மனைவியாகி, அதே ஊருக்கு அதே பூப்பறிக்கிற வேலைக்குத் திரும்பி வந்தேன்.

ஐம்பதுகளின் கடைசி. அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. என் மகன் தவழக்கூடத் தொடங்காத கைக்குழந்தை. என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் வேலைக்குப் போனவர் ரோடு அறுந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். ஒரு மத்தியானம் கஞ்சிக்கு அடுப்பு மூட்ட முடியாமல் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தேன். கரை பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. வண்டி வண்டியாகக் கல்லைக் கொட்டுகிற சத்தம். யாரோ "கரை போச்சு, ஓடுங்க!" என்று கத்தினார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினேன். தண்ணீர் முழங்காலில் அடித்தது, பிறகு இடுப்பில், பிறகு நெஞ்சில். பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாதாவே மாதாவே என்று அலறிக்கொண்டு கோயில் படியைத் தொட்டேன். திரும்பிப் பார்த்தபோது எங்கள் தெரு இருந்த இடத்தில் தெரு இல்லை.

மேலத்தெரு மண் சுவர்களும் அன்று சாயங்காலத்துக்குள் ஊறி விழுந்தன. ஊரில் கூரையோடு நின்றது கோயில் ஒன்றுதான். அதிலும் பாதிக் கூரை ஓடு காற்றில் போய்விட்டது. மிஞ்சிய பாதிக்குக் கீழே இரண்டு தெருவும் ஒண்டின. முதல் நாள் கிராதிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். ஒழுகாத பக்கம் எது என்று கேட்கவே வேண்டாம்.

என் மகனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஈரமில்லாத துணி ஒரு முழம் கிடைக்கவில்லை. என் நெஞ்சோடு அணைத்து அணைத்துப் பார்த்தேன். அடுத்த நாள் பொழுது விடியும்போது அவன் இல்லை. எங்கள் கல்லறை பள்ளத்தில் தண்ணீருக்குள் கிடந்தது. அதனால் கோயிலுக்குப் பின்னால் மேட்டிலேயே, மேலத்தெருச் சாவுகளுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஞானஸ்நானம் வாங்கின புள்ள, சம்மனசாயிருச்சு, அழாத" என்றார்கள். சம்மனசாகட்டும், வானதூதனாகட்டும், யார் வேண்டாம் என்றது? பால் கட்டிக்கொண்டு என் மார் கல்லாக வலித்ததே, அதை எந்தச் சம்மனசு வந்து குடிக்கும்?

அன்றைக்குத்தான் கிராதி போயிற்று. மிதந்து வந்த நெல் மூட்டை ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதைக் குத்திக் கஞ்சி காய்ச்ச விறகு இல்லை. ஊர் முழுக்கத் தேடினாலும் காய்ந்த மரம் என்று இருந்தது அந்தக் கிராதி ஒன்றே. ஆளுக்கு ஆள் அதைப் பார்ப்பதும் வேறு பக்கம் திரும்புவதுமாக இருந்தார்கள். மேலத்தெருவில் பெரிய பூந்தோட்டக்காரர் ஒருவர் எழுந்தார். அவர் தோட்டத்தில்தான் நான் வேலை பார்த்தேன். கோடாலியை எடுத்து, "பசியோட கெடக்கிறதுக்கு இது எதுக்குய்யா?" என்று ஓங்கி ஒரு போடு போட்டார். தேக்கு நன்றாக எரிந்தது. ஒரே அண்டாவில் கஞ்சி. மேலத்தெருக்காரர் ஊற்ற நாங்கள் குடித்தோம். எங்கள் பெண்கள் ஊற்ற அவர்கள் குடித்தார்கள். எல்லாரும் சேர்ந்து ஜெபமாலை சொன்னோம். அழுகையும் ஜெபமும் ஒரே குரலாக இருந்தது.

அந்தத் தோட்டக்காரரின் மனைவி பீடத்துக்குப் பின்னால், சாமியார் உடை மாற்றுகிற சின்ன அறையில் படுத்திருந்தாள். இப்போது 'அவள்' என்று எழுதுகிறேன். அப்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. மழைக்கு நடுவில் பிள்ளை பெற்றவள். பெண் குழந்தை. பெற்றவளுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. நான் குழியில் மண் தள்ளிவிட்டுத் திரும்பி வந்து அந்த அறை வாசலில் சுருண்டு கிடந்தேன். ஆண்களெல்லாம் உடைப்பைப் பார்க்கப் போயிருந்தார்கள், பெண்கள் அண்டாவைச் சுற்றி நின்றார்கள்.

"ஏ புள்ள, இங்கன வா" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"என்னம்மா?"

"இதைப் பாரு. நெறமே மாறிப்போச்சு. கண்ணு சொருகுது."

பார்த்தேன். உதடெல்லாம் நீலம். அழுவதற்குக்கூடத் தெம்பில்லாத பிள்ளை.

"இன்னும் ஞானஸ்நானம் குடுக்கலைடி. செம்பட்டியில இருந்து எங்க அண்ணனும் மதினியும் வரட்டும், அவுகதான் ஞானத்தாய் தகப்பன்னு தள்ளிப் போட்டோம். இப்ப இப்புடியே போயிருச்சுன்னா மோட்சம் கிடையாதே. நான் என்ன செய்வேன்?"

"சாமியாரும் ஊர்ல இல்ல, கோயில் உபதேசியாரும் டவுனுக்கு ஆள் கூட்டியாரப் போயிருக்காரும்மா."

"நீ மதர்மாரு பள்ளிக்கூடத்துல படிச்சவதான? உனக்குத் தெரியும்ல? நீ ஊத்து."

"நானா? உங்க வீட்டு ஆளுக யாரையாச்சும்..."

"ஆள் தேடிக்கிட்டு இருந்தா உசுரு நிக்குமா? ஊத்து புள்ள, உன் காலப் பிடிச்சுக்கிறேன்."

ஆபத்து நேரத்தில் எந்தக் கிறிஸ்தவனும் கிறிஸ்தவளும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஞானோபதேசத்தில் நான் ஒப்பித்த பாடம்தான் அது. தெரு எது என்று அந்தப் பாடத்தில் கேட்கவில்லை. தாழ்வாரத்திலிருந்து கொட்டிய மழைத் தண்ணீரைப் பித்தளைச் செம்பில் பிடித்தேன்.

"என்ன பேரும்மா வைக்க?"

அவள் என்னைப் பார்த்தாள். "உன் பேரு என்ன?"

பாவாடை கட்டின காலத்திலிருந்து, லீவுக்கு வரும்போதெல்லாம், அவர்கள் தோட்டத்தில் பூப்பறிக்கிறவள் நான். கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னைப் பார்க்கிறாள். என் பெயரை அன்றைக்குத்தான் கேட்டாள். சொன்னேன்.

"அதையே வை" என்றாள்.

பிள்ளையின் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து மூவரையும் சொல்லி, அந்தப் பெயரைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்தேன். முணுமுணுக்கவில்லை, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் உதடும் அசைந்தது. கடைசியில் ஆமென் என்று அவள்தான் சொன்னாள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பிள்ளை முகத்தைச் சுளித்தது. பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. என் ஜாக்கெட்டை விலக்கிப் பிள்ளையை மாரில் போட்டேன். முதலில் பால் வாயோரமாக வழிந்தது. செத்த நேரம் கழித்து ஒரு இழுப்பு இழுத்தது, அப்புறம் இன்னொரு இழுப்பு. அடி ஆத்தீ, என் உயிரெல்லாம் அந்த இழுப்பில் போய்த் திரும்பி வந்தது. அவள் அழுதாள். நானும் அழுதேன், என் மகனுக்காகவும் இந்தப் பிள்ளைக்காகவும்.

"இனிமே என்னை அம்மான்னு கூப்பிடாத. அக்கான்னு கூப்பிடு. இவளுக்கு நீதான் ஞானத்தாய். சர்வேசுரனுக்கு முன்னால சொல்றேன் தங்கச்சி" என்றாள். பெயரை மட்டும் வெளியே சொல்ல வேண்டாம் என்றாள். பங்குச்சாமி கோயிலில் மீதிச் சடங்கு செய்யும்போது அவர் வாயால் ஊருக்குத் தெரியட்டும் என்றாள். அதுவும் எனக்கு அழகாகத்தான் பட்டது. அந்தப் பெயர் எங்கள் இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் இருந்தது.

பங்குச்சாமி வந்து சேர்ந்தபோது பிள்ளை கொழுகொழுவென்று ஆகத் தொடங்கியிருந்தது. பாதி தூரம் ஜீப்பிலும் மீதி சேற்றிலும் வந்தார். பால் பவுடரும் மக்காச்சோள மாவும் கம்பளியும் தலைச்சுமையாக வந்தன. கோயிலுக்குள் நுழைந்தவர் நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கிராதி எங்க?"

"கஞ்சி காய்ச்சிட்டோம் சாமி" என்றார் தோட்டக்காரர். இழவு விழுந்த ஊர் அன்றுதான் முதல்முறை சிரித்தது. சாமியாரும் சிரித்தார். அன்றைய பிரசங்கத்தில், சர்வேசுரன் நம்மைத் தண்டிக்க வெள்ளத்தை அனுப்பவில்லை, நம் நடுவில் நின்ற மரத்தை எடுக்கவே அனுப்பினார், இனி இந்தக் கோயிலில் ஒரே மந்தை என்றார். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மேலத்தெருப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்டேன். என் மகன் வீணாகச் சாகவில்லை என்று நினைத்தேன். அவனைப் பெற்றவளுக்கு அப்படி ஒரு நினைப்பு வேண்டியிருந்தது. பூசை முடிந்து அக்கா என்னைக் காட்டி, "ஆபத்து ஞானஸ்நானம் ஆயிருச்சு சாமி, இவதான் ஊத்துனா" என்றாள். "நல்லது. கோயில் சரியானதும் எண்ணெய் பூசி மீதிச் சடங்கை வச்சுக்குவோம்" என்று என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு நான் உயிரோடு இருந்தது அந்தச் சடங்குக்காகத்தான். ஞானத்தாய் என்றால் சும்மாவா? பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டு ஏந்திக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டி அண்டையில் நிற்பவள் அவள். புதுநன்மைக்கு அவள், கல்யாணத்துக்கு அவள். பெற்றவளுக்குப் பிறகு சர்வேசுரன் பிள்ளையைக் கேட்பது அவளிடம். கீழத்தெருக்காரி ஒருத்தி மேலத்தெருப் பிள்ளையை ஊரறிய ஏந்தப் போகிறாள். எனக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

ரோடு திறந்ததும் என் வீட்டுக்காரர் வந்தார். மகனைப் புதைத்த இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு நான் கிராதி எரிந்த கதையைச் சொன்னேன். அந்த மனுசன் எதையும் சீக்கிரம் நம்பாத ரகம்.

"ரொம்பச் சந்தோசப்படாத. மரமா ஊர்ல இல்ல?" என்றார்.

"உங்களுக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாது."

"உனக்கு அம்புட்டும் நம்பிக்கை. நல்லாயிரு." ஆனாலும் நான் கேட்டபடி, அடுத்த வாரம் திண்டுக்கல்லிலிருந்து வெள்ளை மல் துணி வாங்கி வந்து கொடுத்தார். அதில் ஒரு சின்னச் சட்டை தைத்தேன். கழுத்தைச் சுற்றிப் பூத்தையல் போட்டேன். மதர்மார் சொல்லிக்கொடுத்த தையல்.

மூங்கிலும் கீற்றும் வந்தபோது மேலத்தெருவுக்கு மேட்டில் வீடு எழும்பியது. எங்களையும் மேட்டுக்கு வரச்சொல்வார்கள் என்று இருந்தோம். இடம் போதாதாம். பழையபடி கரைக்குக் கீழே பள்ளத்தில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரே மந்தை, பட்டி மட்டும் வேறு. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. காலையும் மாலையும் அக்கா வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோயிலில் இருந்தபோது அக்காவின் பாயில் உட்கார்ந்து கொடுத்தேன். வீடு வந்ததும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் வாசல். பிள்ளையை அங்கே கொண்டு வந்து கொடுப்பார்கள். மாட்டுக்கொட்டகையில்தானே சேசுபாலனும் பிறந்தார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன் பாருங்கள், அந்த அறிவை எதில் சேர்ப்பது!

கிறிஸ்மஸ் கழிந்து ஒரு காலை போனபோது அக்கா வெளியே வரவில்லை. வேலைக்கார அம்மா வந்து, "பசும்பால் குடுத்துப் பழக்குறாக, இனிமே வர வேணாம்னாக" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே பிள்ளை அழுவது கேட்டது. சரி, பால்குடி மறக்கடிக்க வேண்டியதுதானே, ஞானத்தாய் என்கிற உறவு பாலோடா முடிகிறது என்று திரும்பி வந்தேன்.

கோயில் கூரை வேலைக்கு இரண்டு தெருவும் மண் சுமந்தது. நானும் சுமந்தேன். கிராதியைத் திரும்ப வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவையே வரவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தவர்கள் அவரவர் பழைய பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். தரையில் கிராதி நட்டிருந்த குழிகளைச் சிமெண்டு வைத்துப் பூசியிருந்தார்கள், அந்தக் கோடு போதுமானதாக இருந்தது. பூசை முடிவில் உபதேசியார் அறிவிப்பு வாசித்தார். அடுத்த ஞாயிறு தோட்டக்காரர் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம், ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் செம்பட்டியிலிருந்து வருகிறார்கள் என்றார்.

ஞானஸ்நானம் ஒரு மனுசனுக்கு ஒரே ஒரு தடவைதான். அது எனக்குத் தெரியும், சாமியாருக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு பூசைக்கு முன்னாலேயே பீடத்துக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போய்விட்டேன். சட்டையை மடித்து இடுப்பில் செருகியிருந்தேன். சாமியார் உடை மாற்றிக்கொண்டிருந்தார். தோட்டக்காரரும் அக்காவும் பிள்ளையோடு நின்றார்கள். அதே அறை. நான் தண்ணீர் பிடித்த அந்தப் பித்தளைச் செம்பு ஜன்னலில் இருந்தது.

"சாமி, இந்தப் புள்ளைக்கு நான் ஞானஸ்நானம் குடுத்துட்டேன். திரும்பக் குடுக்கலாமா?"

தோட்டக்காரர் முந்திக்கொண்டார். "காய்ச்சலும் குளிருமா கெடந்த நேரம் சாமி. புள்ளையைப் பறிகொடுத்துப் பித்துப் புடிச்ச மாதிரி இருந்தா. என்னத்த சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ." கிராதியில் கோடாலி போட்ட அதே மனுசன்தான். வயிறு நிறைந்ததும் குரலே மாறியிருந்தது.

"ஒரு வார்த்தை பிசகலை சாமி. இப்ப வேணும்னாலும் சொல்றேன்."

"இப்ப சொல்லுவம்மா. அன்னைக்குச் சொன்னதுக்குச் சாட்சி வேணும்ல?" என்றார் சாமியார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சந்தேகம்னு வந்துட்டா, முன்னால செல்லாம இருந்தா இது செல்லட்டும்னு நிபந்தனை போட்டுத் திரும்பக் குடுக்கணும். அதான் திருச்சபை முறை."

"சாட்சி இந்தா நிக்கிறாங்க" என்றேன். "அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்கதான ஆமென் சொன்னீங்க?"

சாமியார் அவள் பக்கம் திரும்பினார். "கேட்டியாம்மா?"

அவள் பிள்ளையின் தலைத் துணியைச் சரி செய்தாள். சரியாக இருந்த துணியை.

"எனக்குக் காய்ச்சல் சாமி. ஒண்ணும் கேக்கலை. என்ன பேரு வச்சாங்கறதுகூடத் தெரியாது. பெறகு இவ சொன்னதை வச்சுத்தான் உங்கள்ட்டச் சொன்னேன்."

"அக்கா!" என்றேன்.

"ஏம்மா, சும்மா ஏன் சத்தம் போடுற? ஏதோ ஆபத்துக்கு உதவுன, நல்லாயிருப்ப. அதுக்காக இம்புட்டு உரிமை கொண்டாடலாமா?"

தங்கச்சி போய் ஏம்மா வந்துவிட்டது. அந்த அறையில் அவள் பிடிப்பேன் என்று சொன்ன காலும் என் கால்தான், இப்போது வெளியே போக வேண்டிய காலும் என் கால்தான். வாய் நிறைய வந்தது எனக்கு. உன் பிள்ளையின் உடம்பில் ஓடுகிறது யார் பால் என்று கேட்டிருப்பேன். சாமியார் சால்வையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "நேரமாச்சு" என்று மணியை எடுத்து வாசலில் நின்ற உபதேசியாரிடம் கொடுத்தார். ஒரே மந்தை என்று பிரசங்கம் வைத்த வாய் அது.

வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை, அதுதான் என் பிடிவாதம். இடப்பக்கம் எங்கள் பெண்களோடு நின்றேன். செம்பட்டி மதினி பட்டுச் சேலை சரசரக்கப் பிள்ளையை ஏந்தி நின்றாள். பிள்ளை அவள் கையில் நெளிந்தது, முகம் தெரியாதவள் அல்லவா. சாமியார் லத்தீனில் சொன்னார். பிள்ளைக்கு வைத்த பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. வேறு ஏதோ ஓர் அர்ச்சிஷ்டவளின், ஒரு புனிதையின் பெயர். தண்ணீர் தலையில் விழுந்ததும் பிள்ளை வீறிட்டு அழுதது.

அந்த அழுகை கேட்டதும் எனக்குப் பால் சுரந்துவிட்டது. பால் கொடுப்பதை நிறுத்திப் பல நாளாகியும், வேண்டாம் வேண்டாம் என்று நான் பல்லைக் கடிக்கக் கடிக்க, ஜாக்கெட் நனைந்து சேலை நனைந்து வயிறு வரைக்கும் வழிந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். தொட்டி அண்டையிலிருந்து அவளும் திரும்பிப் பார்த்தாள். என் மாரைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள். நான் வெளியே வந்து, மேட்டில் என் மகன் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பில் இருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாரைத் துடைத்தேன். அதற்குத்தான் பயன்பட்டது அந்தப் பூத்தையல். சாயங்காலம் கீழத்தெருவுக்கு ஞானஸ்நானச் சோறு அண்டாவில் வந்தது. எங்கள் ஆட்களும் வாங்கித் தின்றார்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். பசி என்றைக்குக் கோபத்தைக் கேட்டது?

என் வீட்டுக்காரர், நான் சொன்னேன் பார்த்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவரோடு சண்டை போட்டுக் கொஞ்சம் ஆறியிருப்பேன். மறுநாள் சாமான்களைக் கட்டினார். திண்டுக்கல்லில் தோல் ஷாப்புக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்தோம். என்னைப் படிக்க வைத்த மதர் இன்னும் இருந்தார். அவர் காலைப் பிடித்து டீச்சர் ட்ரெயினிங்கில் சேர்ந்தேன். வாத்திச்சி ஆனேன். பூசைக்குப் போவதை நிறுத்தினாயா என்று கேட்கிறவர்கள் உண்டு. நிறுத்தவில்லை. சேசுநாதரையும் கூட இருந்தவன்தானே தெரியாது என்றான்? அவரோடு எனக்கு வழக்கு இல்லை. மற்றவர்களோடு இருக்கிறது, அது இன்னும் தீரவில்லை.

அறுபதுகளின் நடுவில், பூசை தமிழுக்கு மாறத் தொடங்கிய சமயம். ஒரு காலை, பள்ளிக்கூடத்து மாதா படத்துக்கு மாலை வாங்கப் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். சம்பங்கிக் கூடைகளுக்கு நடுவில் அவள் உட்கார்ந்து உதிரிப் பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. தோட்டக்காரர் செத்துப்போய்விட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் நின்றது. வயசைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லாருக்கியா?" என்றாள் அவள்.

"இருக்கேன்ம்மா." அக்கா என்று வாயில் வரவில்லை.

பெண் என் கைக்குடையையும் செருப்பையும் பார்த்தது. "யாரும்மா இது?"

"நம்மூருதான். கீழத்தெரு."

அவ்வளவுதான். அவ்வளவுதான் நான். மாலைக்குச் சொன்ன காசைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். பிள்ளையின் முகம் விடவில்லை. கன்னத்தில் குழி விழுந்தது. பால் குடிக்கும்போது விழுகிற அதே குழி.

"உன் பேரென்ன கண்ணு?"

சொன்னது. அன்று சாமியார் தொட்டி அண்டையில் வைத்த பெயர்.

"அது பள்ளிக்கூடத்துல கூப்பிடுற பேரு" என்றது, பேசப் பிடித்த பிள்ளை. "வீட்டுல அம்மா வேற பேரு சொல்லித்தான் கூப்பிடும். யாரும் இல்லாதப்ப மட்டும். காய்ச்சல் வந்தா அந்தப் பேரைச் சொல்லித்தான் மந்திரிக்கும்."

"ஏடி, சும்மா இரு" என்றாள் அவள்.

"என்ன பேரு?" என்று கேட்டேன்.

பிள்ளை சொன்னது. அது என் பெயர்.

பூத்தொடுத்த கை நின்றுவிட்டது. அவள் தலையைத் தூக்கவில்லை. கேட்டிருக்கிறாள். பெயரிலிருந்து ஆமென் வரைக்கும் முழுசும் கேட்டிருக்கிறாள். அந்த ஞானஸ்நானம்தான் செல்லும், அந்தப் பெயர்தான் பிள்ளையைக் காப்பாற்றும் என்று இத்தனை வருசமும் நம்பியும் இருக்கிறாள். நம்பிக்கொண்டே சாமியார் முன்னால் நின்று ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு உண்மையிலேயே காது கேட்டிருக்காதோ, காய்ச்சலில் மறந்திருப்பாளோ என்று அவளுக்காக நான் தேடி வைத்திருந்த ஒரே சமாதானமும் அந்தப் பூக்கடையில் போயிற்று.

மாலையை வாங்கிக்கொண்டு நடந்தேன். கூட்டத்தில் கொஞ்ச தூரம் போயிருப்பேன், பின்னாலிருந்து அவள் குரல் அந்தப் பெயரைக் கூப்பிட்டது. ஒருமுறை, பிறகு சத்தமாக இன்னொரு முறை, மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரி. பிள்ளை அவள் பக்கத்தில்தான் நின்றது, அவள் கூப்பிட்டது என்னைத்தான். நான் திரும்பவில்லை.